உடையாத பித்தப்பை

மாறங்கோணத்தில் காட்டுப்பன்னி விழுந்துட்டு என்று சத்தம் கேட்டால், சுட்டது யாரு என்று கேட்கிற ஆள் கொஞ்சம்தான். ரசலையன் ஊரில் இருக்கானா என்றுதான் முதலில் கேட்பார்கள். சுடுகிறதுக்கு என்ன, துப்பாக்கி கையில் இருந்தால் எந்தப் பயலும் சுடுவான். சுட்டதைத் தின்றவன் மறுநாள் எழும்பி நடக்க வேண்டாமா? அதுக்கு ரசலையன் கத்தி வைக்க வேண்டும்.

கீரிப்பாறைக்குக் கீழே, மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில் இருந்தது அந்த ஊர். மேலே எஸ்டேட்டுகளின் ரப்பர். கீழே மரச்சீனி விளைகள், அதுக்கும் கீழே வயல். மகாராஜா ஆட்சி, கொல்லம் ஆயிரத்து நூற்றி ஏழாம் ஆண்டை, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டை, ஒட்டிய காலம். தேங்காய்க்கும் விலை இல்லை, நெல்லுக்கும் விலை இல்லை. பாதி ஊர் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கிழங்கில்தான் பன்னிக்கும் கண்ணு. ஒரு கூட்டம் புகுந்தால் போதும், விடியும்போது விளை ஏர் பூட்டி உழுத மாதிரி கிடக்கும். அதனால் ஒரு பன்னி விழுந்தால் ஊருக்கு இரட்டைச் சந்தோஷம். சனியன் ஒன்று ஒழிந்தது, சட்டியிலும் கறி ஏறியது.

ரசலையனுக்கும் ஒரு துண்டு விளைதான் பிழைப்பு. பன்னி அறுப்பது தொழில் ஒன்றும் இல்லை. கை வந்தது, ஊரும் அவனிடம் விட்டுவிட்டது. ஆனால் அந்தக் காரியத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். ஒரு ராத்திரி கிடந்த பன்னியைத் தொடவே மாட்டான். 'குழி வெட்டுங்கலே' என்று சொல்லிவிட்டுத் துவர்த்தை உதறித் தோளில் போட்டுப் போய்விடுவான். நல்ல பன்னி என்றால், காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, வெயில் ஏறும் முன்னே வயிற்றைத் திறந்துவிட வேண்டும். குடலின் இரண்டு முனையையும் வாழைநாரால் கட்டுவான். மூத்திரப்பையை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே எடுப்பான். கடைசியில் பித்தப்பை. ஈரலோடு ஒட்டிக் கிடக்கிற அந்தப் பச்சைப் பையை, ஈரலிலும் ஒரு சீவல் சேர்த்து, கோழி அடைகாக்கிற முட்டையை எடுக்கிற மாதிரி எடுத்து வைப்பான். அது உடைந்தால் ஈரல் முழுக்கக் கசப்பு ஏறிவிடும். ரசலையன் கையில் ஒரு தடவைகூட உடைந்தது இல்லை. அந்தப் பெருமை அவனுக்கு ஒரு பாடு உண்டு. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் அவனே பேச்சை எடுத்துவிடுவான். கேட்கிறவன் எழும்பிப் போகிற வரைக்கும் நிறுத்தவும் மாட்டான்.

அப்புறம் தொடைக்கறியைக் கீறிப் பார்ப்பான். உள்ளே அரிசி சிதறின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழுக்கட்டி தெரிந்தால் அந்தப் பன்னி குழிக்குத்தான், யாரு மூக்கைச் சிந்தினாலும் சரி. எல்லாம் நன்றாக இருந்தாலும், கறி வாங்க வந்து நிற்கிற பெண்டுகளுக்கு ஒரு ஏச்சு நிச்சயம் உண்டு.

"ஏட்டி, நல்லா கேட்டுக்கிடுங்க. எலும்பை விட்டுக் கறி தானா கழலணும். உள்ள ஒரு துளி செவப்பு தெரிஞ்சாலும் அடுப்பை விட்டு எறக்கப்பிடாது. ஆடு இல்ல இது, பன்னி."

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் முதல் துண்டு. கூறு வைக்கும் முன்னே, அறுத்தவன் ஒரு துண்டைக் கனலில் போட்டு, இரண்டு பக்கமும் கருகச் சுட்டு, உப்புத் தொட்டு, ஊர் பார்க்கத் தின்ன வேண்டும். ரசலையன் மென்று விழுங்கி, வாயைத் துடைத்து, "ம், வையுங்க" என்றால்தான் பலா இலையில் கூறு விழும். யாருக்கு எது என்பதும் பண்டே உள்ள வழக்கம். தலை சுட்டவனுக்கு. கறி வீட்டுக்கு ஒரு கூறு. ஈரலும் குடலும் காடு கலைக்கிறவர்களுக்கு. அதாவது முள்ளுக்குள் புகுந்து, தகரம் தட்டிக் கூவி, பன்னியைத் துப்பாக்கி நிற்கிற பக்கமாக விரட்டுகிறவர்களுக்கு.

மாறங்கோணத்தில் காடு கலைக்கிறவன் என்றால் இசக்கிதான் முதலில். அவனுக்கு நிலமும் கிடையாது, நீச்சும் கிடையாது. இருந்தது ஒரு ஓலைக் குடிசையும் பூங்கனி என்ற பெண்டாட்டியும். கல்யாணமாகி வெகு காலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிழைத்தது, பெற்றவள்தான் ரத்தம் எல்லாம் போய், சுவரைப் பிடித்து நடக்கிற கோலத்துக்கு வந்துவிட்டாள். ஈரல் கொடு, ரத்தம் ஊறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆட்டு ஈரலுக்கு இசக்கி எங்கே போவான்? காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரசலையனுக்கு வேறொரு கவலை. அவனுக்கும் தங்கபாய்க்கும் ஒரே மகள், நேசபாய். சின்ன வயதில் அம்மை வந்து முகமெல்லாம் தழும்பு. தங்கமான பிள்ளை, ஆனால் பெண் பார்க்க வருகிறவன் குணத்தையா பார்க்கிறான்? ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து, மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போனார்கள். அதுக்குப் பிறகு வேதக்கோயிலுக்குப் போனாலும் சேலை முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் இருப்பாள். தங்கபாய் அடுப்படியில் இருந்து அழுவது ரசலையன் காதில் விழும். விழாத மாதிரி மாட்டைக் கழுவப் போய்விடுவான்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் மத்தியாஸ் சம்பந்தம் பேசி வந்தார். சபைக் கமிட்டிக்காரர், ஊரில் துப்பாக்கி லைசன்ஸ் உள்ள ஒரே ஆள். மகன் செல்வதாசுக்கு நேசபாயைக் கேட்டார். பிள்ளையின் குணம் போதும் என்றார். கர்த்தர் கண் திறந்துட்டார் என்று தங்கபாய் முழங்காலில் விழுந்தாள். கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் கல்யாணம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் சபைக்கு முன்னால் கேட்கிற ஓலை. இரண்டு வாசிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் தாலிதான் பாக்கி.

செல்வதாஸ் நல்ல பையன்தான். ஆனால் அந்த வருஷம் முழுக்கத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் ஒரு முயல்கூட விழவில்லை. டீக்கடையில் அவன் தலையைக் கண்டால் போதும், "வாருங்கலே, பன்னியெல்லாம் ஓடி ஒளிங்க, மாப்பிள்ளை வாராரு" என்று கேலி. தகப்பனும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவனுக்குக் கொதித்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மேற்குச் சரிவில் இசக்கியும் இன்னும் சில பேரும் காடு கலைத்தார்கள். செல்வதாஸ் ஓடைக்கரையில் தனியாக நின்றான். கலைத்த பக்கம் ஒரு பன்னியும் இளகவில்லை. சரி, இன்றைக்கும் இல்லை என்று இவர்கள் திரும்பும்போது ஓடைப் பக்கம் வெடி கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாதி உடம்பு தண்ணீரில் கிடக்க ஒரு பெரிய ஆண்பன்னி. அதன் மேல் காலைத் தூக்கி வைத்துச் செல்வதாஸ்.

"பாஞ்சு வந்துது. நேர விட்டேன்" என்றான். நெற்றியில் ஓட்டை இருந்தது.

"நாங்க கலைச்ச பக்கம் இல்லாத பன்னி எங்க இருந்து வந்துதோ" என்றான் இசக்கி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பன்னி விழுந்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். சுமந்து வரும் வழியெல்லாம் பாட்டு. ரசலையனைக் கண்டதும் ஓடிவந்து, "அண்ணாச்சி, ஈரலை முழுசா எனக்கு விட்டுருங்க. மத்தவங்ககிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாவ. எம்பொண்டாட்டிக்கு" என்றான்.

"உனக்கு இல்லாமலா? நில்லு மக்கா" என்றான் ரசலையன்.

ஓலையைக் கொளுத்திப் பொசுக்கும்போதே அவனுக்கு மனசில் ஏதோ தட்டியது. கால்கள் விறைத்துக் கிடந்தன. இப்போது விழுந்த பன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் விறைக்காது. நெற்றித் தோலைக் கீறி விலக்கிப் பார்த்தான். குண்டு போன வழி காய்ந்து கிடந்தது. சுற்றிலும் ரத்தம் கட்டவே இல்லை. உயிருள்ள உடம்பில் குண்டு பட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் உறைந்து கறுத்திருக்கும்; எத்தனை பன்னியில் பார்த்திருக்கிறான்! இது செத்த பிறகு சுட்ட பன்னி.

செல்வதாஸ் பக்கத்திலேயே நின்றான். ரசலையன் தலையைத் தூக்காமல், மெதுவாகக் கேட்டான்: "மக்கா, பன்னி நின்னுச்சா, கெடந்துச்சா?"

பையன் முகம் வெளுத்துப் போயிற்று. "என்ன மாமா கேக்கிய? நின்னுச்சு. பாஞ்சு வந்துதுன்னு சொன்னேன்லா."

"என்ன வேய், எம்மவன் சுட்டதுல சந்தேகமா?" என்றார் மத்தியாஸ். சிரிப்போடுதான் கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"சந்தேகம் என்ன, சும்மா கேட்டேன்" என்றான் ரசலையன்.

கிடந்துச்சு மாமா என்று அந்தப் பயல் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! சொல்லவில்லை. சொன்னால் டீக்கடை சும்மா இருக்குமா? ரசலையனும் சும்மா இருக்கவில்லை, வயிற்றைத் திறந்தான். நோய் வந்து செத்திருந்தால் ஈரலில் தெரியும் என்று பார்த்தான். ஈரலில் புள்ளி இல்லை, புழு இல்லை. ஆனால் இரைப்பை வீங்கிக் கிடந்தது. யாரும் பார்க்காமல் பிச்சாத்திக் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டான். அரைபட்ட மரச்சீனி. உள்தோல் வெந்நீர் பட்ட மாதிரிச் சிவந்து உரிந்திருந்தது. வெள்ளைப்பூண்டு வாடை அடித்தது.

அந்த வாடை அவனுக்குத் தெரியும். போன வருஷம் மலையோரத்தில் ஒருத்தன் கன்றுக்குட்டி துடித்துச் செத்தது. ஏன் என்று பார்க்க ரசலையனைத்தான் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார்கள். எஸ்டேட்டில் களை கருக அடிக்கிற மருந்துத் தகரத்தை அது நக்கியிருந்தது. உப்புக் கரிக்குமாம், மிருகம் தேடிப்போய் நக்கும். அன்றைக்கும் இதே சிவப்பு, இதே வாடை. இந்தப் பன்னி மருந்தைத் தின்று, நெஞ்சு காந்தி, தண்ணீரைத் தேடி ஓடைக்கு வந்து செத்திருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஆமா, இப்போது எல்லாரும் கேட்கலாம். 'இது விஷம் தின்ன பன்னி, செத்துக் கிடந்ததை மாப்பிள்ளை சுட்டிருக்கான்' என்று அவன் அங்கே சொன்னால், மத்தியாஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நாளைக்கு மூன்றாம் ஓலை. ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது. முந்தானையால் முகத்தை மூடுகிற மகளும் அந்தக் கூட்டத்தில் பாத்திரத்தோடு நிற்கிறாள், அன்றைக்கு மூடாமல். ரசலையன் அவளைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

பாவி, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். மலைக்காட்டில் குடியிருக்கிற காணிக்காரர்கள் விஷ அம்பு விட்டுப் பன்னி பிடிக்கிறார்கள். அம்பு பட்ட இடத்தைத் தோண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறார்கள், ஒன்றும் ஆகிறதில்லை. அப்படியானால் விஷம் எல்லாம் வயிற்றிலும் ஈரலிலும்தான் நிற்கும். அதை ஒழித்துவிட்டால் தொடைக்கறிக்கு ஒன்றும் வராது. இரண்டு தண்ணீரில் அவித்துக் கொட்டச் சொல்லுவோம். அவனுக்கு அது நியாயமாகத்தான் தோன்றியது. பயந்தவனுக்கு எது தோன்றாது!

ஈரலை எப்படி ஒழிக்கிறது? இசக்கி கையில் வட்டிலோடு நிற்கிறான். ரசலையன் பித்தப்பையை எடுத்தான். வழக்கம்போல முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் கைக்குள் வந்தது. அதைக் குடலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை உதறினான்.

"சே! பித்து உடைஞ்சிட்டே! எல்லாம் போச்சு!"

சுற்றி நின்றவர்களிடம் சிரிப்பு பொங்கியது. "ரசலையன் கையில பித்து உடைஞ்சிட்டா? மகள் கல்யாணம்னதும் கை நடுங்குது பாத்தியளா!" மத்தியாஸ்தான் பலமாகச் சிரித்தார். ரசலையனுக்கு முகம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டான். இத்தனை வருஷத்துப் பெருமையைக் கொடுத்தாச்சே, இது போதாதா என்று நினைத்தான்.

"பித்துதானே அண்ணாச்சி, புளித்தண்ணியில கழுவிக்கிடுதேன்" என்றான் இசக்கி.

"வேண்டாம்லே. எல்லாத்துலயும் ஏறிட்டு. குழியில போடணும்."

"கசப்புதானே அண்ணாச்சி..."

"வேண்டாம்னா வேண்டாம்! எங்கூறை நீ எடுத்துக்கோ." ரசலையன் போட்ட சத்தத்தில் இசக்கி பின்வாங்கினான். ஈரலையும் குடலையும் இரைப்பையையும் ரசலையனே வாரி, விளை ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்து, மேலே மிதித்தான். திரும்பி வந்து கறியை நாலைந்து தண்ணீரில் கழுவினான். பிறகு முதல் துண்டு. தொடையில் உள்பக்கம் வெட்டி, கரிக்கட்டையாகிற வரைக்கும் சுட்டான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் போட்டான். மண்ணை மெல்லுகிற மாதிரி மென்றான். விழுங்கினான்.

"ம், வையுங்க" என்றான்.

"ரெண்டு தடவை அவிச்சுத் தண்ணியைக் கொட்டுங்கட்டி" என்று பெண்டுகளுக்குப் பின்னாலேயே போய்ப் போய்ச் சொன்னான். "சாறெல்லாம் போயிருமே" என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். யார் கொட்டினார்கள், யார் கொட்டவில்லை என்று அவனுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே அவனுக்கு வயிறு முறுக்கியது. வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். ஊரில் சில பேருக்கும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தது. கொழுப்புக் கறியை ஒரேயடியாகத் தின்றால் அப்படித்தான் என்று சுக்குத்தண்ணீர் வைத்துக் குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கேயாவது அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடின. போதகருக்கு வேறு சபையில் ஆராதனை இருந்ததால் அந்த வாரம் ஓலை வாசிக்கவில்லை, அடுத்த வாரம்தான் என்றார்கள். கர்த்தரே ஸ்தோத்திரம் என்றான். வயிறு சரியானது. பிழைச்சோம், போ.

இசக்கி வீட்டுப் பக்கம் மட்டும் அவன் காது வைக்கவில்லை. அங்கேதான் ஈரல் போகவில்லையே.

திங்கட்கிழமை தங்கபாய் குளத்தில் இருந்து வந்து குடத்தை இறக்கும்போதே சொன்னாள். "இஞ்ச பாருங்க, பூங்கனி போயிட்டா. வாந்தியும் கழிச்சலுமாம், தண்ணி தண்ணியா. கையும் காலும் இழுத்து, ஒரு பகல்ல முடிஞ்சிட்டு. பேதின்னு ஒருத்தரும் கிட்ட போகல. நேத்தே பொதைச்சிட்டாவளாம்."

ரசலையன் விளைக்கு நடந்தான். ஓடவில்லை, ஓடினால் யாராவது கேட்பார்கள். விளை ஓரத்தில் குழி திறந்து கிடந்தது. தோண்டின மண்ணை ஒதுக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்தால், நாயும் நரியும் செய்கிற வேலை இல்லை. கையால் பொறுமையாகத் தோண்டியிருக்கிறது. அவன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் துவர்த்தை அடைத்துக்கொண்டு அழுதான்.

பேதி வந்த வீடு என்று யாரும் இசக்கி வாசலை மிதிக்கவில்லை. ரசலையனும் மிதிக்கவில்லை. தினமும் காலையில் போக வேண்டும் என்று கிளம்புவான். வேலி வரைக்கும் போவான். ஒருநாளும் வேலியைத் தாண்டவில்லை.

கடைசியில் இசக்கிதான் வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற நேரம். பிள்ளையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தான். உள்ளே தங்கபாயும் நேசபாயும் பலகாரத்துக்கு மாவு இடித்து முடித்துக் கோயிலுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இசக்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். நான் உங்க குழியைத் தோண்டிட்டேன்."

ரசலையன் உள்கதவை இழுத்துச் சாத்தினான்.

"கசப்புதானே, புளியும் உப்பும் போட்டு உரசினா போயிரும்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தா..." இசக்கி மடியை அவிழ்த்து, வாழைச்சருகில் பொதிந்த ஒன்றை எடுத்தான். அடுப்புப் புகையில் தொங்கப்போட்டுச் சுருங்கின பித்தப்பை. மருந்துக்கு ஆகும் என்று வைத்திருக்கிறான். "முழுசா கெடந்துச்சு அண்ணாச்சி. உடையவே இல்ல. அப்பதான் எனக்கு வெளங்குச்சு. சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கணும்னு ஈரலை ஒதுக்கி வச்சிருக்கிய. எங்க எல்லாருக்கும் முன்ன எடுத்தா நல்லாருக்காதுன்னு பொதைச்சு வச்சிருக்கிய. அது தெரிஞ்சும் நான் எடுத்தேன். நல்ல ஈரல்தானேன்னு அவளுக்குச் சாறு வச்சேன். நான் ஒரு சொட்டுதான் நக்கிப் பாத்தேன். முழுசும் அவதான் குடிச்சா. ரொம்ப நாளைக்குப் பொறவு அவ சட்டியை வழிச்சுக் குடிச்சா அண்ணாச்சி."

பிள்ளை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னான்: "களவுக்குக் கூலி அன்னைக்கே குடுத்துட்டாரு மாடன்சாமி. பேதியா வந்து கேட்டுட்டாரு. உங்க பொருளை எடுத்தது தப்பு. மன்னிச்சிருங்க. இது ஒண்ணுதான் மிச்சம், இந்தாங்க."

ரசலையன் வாங்கினான். கை தானாக நீண்டது. அந்தச் சருகு ஒரு கனமும் இல்லாமல் இருந்தது.

"இன்னொண்ணு அண்ணாச்சி. டீக்கடையில இன்னும் உங்க கையைச் சொல்லிச் சிரிக்கானுவ. எனக்குப் பொறுக்கல. உங்க கையில பித்து உடையல, நான் பாத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருதேன். களவாணின்னு ஊர் என்னைய ஏசட்டும். உங்க பேரு கெடப்பிடாது."

"சொல்லாதலே!" ரசலையன் கத்திவிட்டான். பிறகு தணிந்து, "யார்கிட்டயும் சொல்லாத மக்கா. இருக்கட்டும்" என்றான்.

"அப்போ மன்னிச்சிட்டியளா?"

உள்ளே இருந்து நேசபாய், "யாருப்பா?" என்று கேட்டபடி வந்தாள். புதுச் சேலை. முகத்தை மூடவில்லை. இசக்கி இடுப்பில் இருந்த பிள்ளையைக் கண்டதும், "ஐயோ, பூங்கனி அக்கா பிள்ளையா" என்று கை நீட்டி வாங்கினாள்.

"மன்னிச்சிட்டேன், போ" என்றான் ரசலையன்.

ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இசக்கி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான்.

கோயிலில் ரசலையன் வழக்கமான பாயில் உட்கார்ந்தான். சருகுப் பொதி மடியில் இருந்தது. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, போதகர் ஓலையை எடுத்தார். மத்தியாசின் குமாரன் செல்வதாசுக்கும், ரசலையனின் குமாரத்தி நேசபாய்க்கும். மூன்றாவதும் கடைசியுமான ஓலை. தடை சொல்ல வேண்டியவர்கள் இருந்தால் இப்பொழுது சொல்லலாம்.

செல்வதாஸ் தலையைக் குனிந்திருந்தான். ரசலையன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கால் நிமிர்ந்துவிட்டது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் தங்கபாய் வாயில் கையை வைத்தாள். நேசபாயின் கை முந்தானைக்குப் போனது.

"என்ன ரசலையன்?" என்றார் போதகர்.

"ஒண்ணுமில்ல ஐயரே. கால் மரத்துப் போச்சு."

சிரிப்பு எழும்பி அடங்கியது. அவன் உட்கார்ந்தான். அவ்வளவுதான். கல்யாணம் நன்றாக நடந்தது. நேசபாய் நன்றாக வாழ்ந்தாள். செல்வதாஸ் அதுக்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. ஏன் என்று மாமனும் கேட்கவில்லை, மருமகனும் சொல்லவில்லை. பித்தப்பையை அன்றே கோயிலில் இருந்து திரும்பும் வழியில் ஓடையில் விட்டுவிட்டான் ரசலையன்.

அடுத்த பருவத்தில் பன்னி விழுந்தபோது ஆள் வந்து கூப்பிட்டது. கை நடுங்குது, வேற ஆளைப் பாருங்க என்றான். ஊர் நம்பியது, பித்து உடைத்த கைதானே. வேறொருத்தன் அறுத்தான், வேறொருத்தன் முதல் துண்டைத் தின்றான். ஊர் கூறு எடுத்துக்கொண்டு போயிற்று. இசக்கி மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. தன் பங்கில் ஒரு துண்டைச் சுட்டு, இலையில் வைத்து, நேராக ரசலையன் வீட்டுக்கு வந்தான்.

"யாரு அறுத்தா என்ன அண்ணாச்சி, நீங்க தின்னாத்தான் எனக்கு நம்பிக்கை. பிள்ளைக்குக் குடுக்கணும்" என்றான்.

அந்த வருஷம் மட்டும் இல்லை, ஒவ்வொரு பன்னிக்கும் அப்படித்தான் வந்தான். வேண்டாம் என்று ரசலையனால் சொல்ல முடியவில்லை. இலையை வாங்கி, துண்டை வாயில் போட்டு மென்றான். அவன் விழுங்கி முடிக்கிற வரைக்கும் இசக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் காத்து நின்றான்.